மையப்படுத்தப்பட்ட, பரவலாக்கப்பட்ட பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகள்

பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை என்பது கோப்புகளில் காலப்போக்கில் செய்யப்படும் மாற்றங்களை, அவற்றை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற விவரங்களுடன் பதிந்து வைத்து, வேண்டியபோது பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மென்பொருள் ஆகும். மென்பொருள் உருவாக்கும் குழுக்கள் தமது மூல நிரலை இத்தகைய முறைமை ஒன்றில் வைத்தே பணிபுரிகின்றன. மாற்றங்களின் வரலாறு எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து இவை இரு வகைப்படும். வரலாறு முழுவதும் ஒரே வழங்கியில் இருந்தால் அது மையப்படுத்தப்பட்ட முறைமை. சிவிஎஸ், சப்வெர்ஷன், பெர்ஃபோர்ஸ் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு நிரலாளரின் கணினியிலும் வரலாற்றின் முழு நகல் இருந்தால் அது பரவலாக்கப்பட்ட முறைமை. கிட், மெர்க்குரியல், பசார், ஃபாசில் ஆகியன இவ்வகையின.

இன்று புதிதாகத் தொடங்கப்படும் திட்டங்களில் பெரும்பாலானவை கிட்டையே பயன்படுத்துகின்றன. இதனால் தேர்வு முடிந்துவிட்டது என்று பலர் கருதுவர். ஆனால் ஒரு குழுவில் மாற்றங்களைப் பதியும் உரிமை யாருக்கு உண்டு, வழங்கி பழுதானால் எது மிஞ்சும், எவ்வகைக் கோப்புகளைக் கையாள வேண்டியுள்ளது என்ற கேள்விகளுக்கு இவ்விரு வகைகளும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. கிட்டைப் பயன்படுத்தும் குழுக்களும் இக்கேள்விகளுக்குத் தாமே விடை காண வேண்டியுள்ளது.

அடிப்படைக் கருத்துகள்

பதிப்புக் கட்டுப்பாடு இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பதைக் கல்லூரியில் குழுவாகத் திட்டப்பணி செய்தவர்கள் அறிவர். நால்வர் சேர்ந்து எழுதும் நிரல் மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் கைமாறும். "இறுதி", "இறுதி புதியது", "இறுதி சரிபார்த்தது" என்ற பெயர்களில் கோப்புறைகள் பெருகும். ஒருவர் திருத்திய பிழை, மற்றவர் தம்மிடமிருந்த பழைய கோப்பை அதன்மேல் நகலெடுத்ததும் மீண்டும் வந்துவிடும். எந்த வரியை யார் மாற்றினார் என்று எவருக்கும் தெரியாது.

இதைத் தவிர்க்கவே கோப்புகளும் அவற்றின் வரலாறும் களஞ்சியம் எனப்படும் இடத்தில் வைக்கப்படுகின்றன. ஒரு நிரலாளர் தாம் செய்த மாற்றங்களை ஒரு குறிப்புடன் களஞ்சியத்தில் சேர்ப்பது பதிவு ஆகும். நிரலாளர்கள் பேச்சுவழக்கில் இதைக் கமிட் என்பர். முதன்மை நிரலைப் பாதிக்காமல் தனியே வேலை செய்வதற்காகப் பிரித்தெடுக்கப்படும் தொடர் கிளை எனப்படும். பிரிந்த கிளைகளை மீண்டும் சேர்ப்பது ஒன்றிணைப்பு. ஒரே வரியை இருவர் இருவிதமாக மாற்றியிருந்தால் முறைமையால் தானாக முடிவெடுக்க இயலாது. இது முரண்பாடு எனப்படும். இதை மனிதரே தீர்த்துவைக்க வேண்டும்.

விக்கிப் பக்கங்களைத் தொகுத்தவர்களுக்கு இது புதிதன்று. ஒவ்வொரு பக்கத்திற்கும் "வரலாறு" உண்டு. ஒரே பகுதியை இருவர் ஒரே நேரத்தில் தொகுத்தால் பிந்திச் சேமிப்பவருக்கு முரண்பாடு காட்டப்படும். ஆனால் விக்கியில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சேமிக்கப்படுகிறது. மென்பொருளில் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றினால் அதை அழைக்கும் இருபது கோப்புகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இருபதில் பன்னிரண்டு மட்டும் பதிவாகி எஞ்சியவை பதிவாகாவிட்டால் நிரல் இயங்காது. எனவே பல கோப்புகளின் மாற்றம் ஒரே பதிவாக, முழுதாகச் சேர வேண்டும், அல்லது சேரவே கூடாது.

மையப்படுத்தப்பட்ட முறைமைகளின் வரலாறு

பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972இல் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், இத்துறையின் தொடக்ககால மென்பொருட்களில் ஒன்று. பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி 1982இல் ஆர்சிஎஸ் மென்பொருளை வெளியிட்டார். இவை இரண்டும் ஒரே கணினியில் பணிபுரிவோருக்கானவை. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த விரும்பினால் முதலில் அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டு விடுபடும்வரை மற்றவர்கள் அக்கோப்பைத் திருத்த இயலாது. முரண்பாடு வராது என்பது இதன் நன்மை. பூட்டியவர் அதை விடுவிக்காமல் விடுப்பில் சென்றுவிட்டால் பிறர் கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்பது இதன் குறை.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள விரையெ பல்கலைக்கழகத்தில் டிக் குரூன் என்பவர் இரண்டு மாணவர்களுடன் சேர்ந்து சி மொழிக்கான நிரல்மொழிமாற்றி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் நாள்தோறும் ஒழுங்கான அலுவலக நேரத்தில் பணிபுரிபவர். மற்றவருக்கு நேரம் ஒழுங்கில்லை. குரூனுக்கோ மாலையில் மட்டுமே நேரம் கிடைத்தது. மூவரும் பூட்டுக்காகக் காத்திருக்காமல் தத்தம் நேரத்தில் பணிபுரிய வேண்டும் என்பதற்காக ஆர்சிஎஸ் மீது அவர் எழுதிய கட்டளைத் தொகுப்பே சிவிஎஸ் ஆகும். இதை 1986இல் அவர் பொதுவில் வெளியிட்டார். பின்னர் பிரையன் பெர்லினர் இதைச் சி மொழியில் திருத்தி எழுதினார். வலையமைப்பின் வழியாக வழங்கியை அணுகும் வசதி சேர்ந்தபின் 1990களில் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவும் சிவிஎஸ்சில் நடைபெற்றன.

ஆனால் சிவிஎஸ் ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியே வைத்திருந்தது. பல கோப்புகளைப் பதியும்போது இணைப்பு நடுவில் அறுந்தால் பாதி மட்டும் பதிவாகியிருக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் அதன் வரலாறு தொடராது. இக்குறைகளைக் களையும் நோக்குடன் கொலாப்நெட் நிறுவனம் 2000இல் தொடங்கிய சப்வெர்ஷன், 2004 பிப்ரவரியில் 1.0 பதிப்பாக வெளியானது. 2010இல் இது அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களுள் ஒன்றாயிற்று.

சப்வெர்ஷனில் களஞ்சியம் முழுவதற்கும் ஒரே வரிசை எண் உண்டு. 4,211ஆம் பதிவுக்குப் பின் வருவது 4,212. இதைப் புரிந்துகொள்வதும் தொலைபேசியில் சொல்வதும் எளிது. நிரலாளரின் கணினியில் இருப்பது பணிநகல் மட்டுமே. தாம் எதை மாற்றினார் என்பதை அவர் இணைப்பு இல்லாமலே பார்க்கலாம். ஆனால் மாற்றத்தைப் பதியவும், பழைய பதிவுகளைப் படிக்கவும், கிளை பிரிக்கவும் வழங்கி வேண்டும்.

பரவலாக்கப்பட்ட முறைமைகள் செயற்படும் விதம்

பரவலாக்கப்பட்ட முறைமையில் பணியைத் தொடங்குபவர் களஞ்சியம் முழுவதையும் தம் கணினிக்கு நகலெடுத்துக்கொள்கிறார். அதன்பின் பதிதல், கிளை பிரித்தல், பழைய நிலையோடு ஒப்பிடுதல் ஆகிய அனைத்தும் அவரது கணினியிலேயே நடைபெறுகின்றன. தொடர்வண்டியில் செல்பவரும் இணையம் இல்லாத இடத்தில் இருப்பவரும் பத்துப் பதிவுகளைச் செய்துவிட்டுப் பின்னர் அவற்றை மொத்தமாக அனுப்பலாம். பதிதலும் பிறருக்கு அனுப்புதலும் இங்கு இரு வேறு செயல்கள். சப்வெர்ஷனில் இவை இரண்டும் ஒன்றே. ஆகவே அரைகுறையாக முடிந்த வேலையை அங்கே பதிந்தால் அது உடனே அனைவரையும் சென்றடையும். இதற்கு அஞ்சி இரண்டு வாரம் பதியாமலே வைத்திருப்போரும் உண்டு. அந்த இரண்டு வாரமும் அவர்களது வேலைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

வரிசை எண்ணை வழங்க மையம் எதுவும் இல்லாததால் பரவலாக்கப்பட்ட முறைமையில் பதிவுகளை வேறு வழியில் அடையாளப்படுத்த வேண்டியுள்ளது. கிட் ஒவ்வொரு பதிவின் உள்ளடக்கத்திலிருந்தும் எஸ்எச்ஏ-1 என்ற முறையில் ஒரு ஹேஷ் மதிப்பைக் கணக்கிடுகிறது. இது 40 பதினறும இலக்கங்களாக எழுதப்படும். இக்கணக்கில் பதிவின் கோப்புகள், ஆசிரியர், நேரம், குறிப்பு ஆகியவற்றோடு அதற்கு முந்தைய பதிவின் அடையாளமும் சேர்கிறது. எனவே பழைய பதிவு ஒன்றில் யாரேனும் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்வரும் அனைத்துப் பதிவுகளின் அடையாளங்களும் மாறிவிடும். ஒரே அடையாளம் கொண்ட பதிவை வைத்திருக்கும் இருவர், அதுவரையிலான வரலாறும் தம்மிடம் ஒன்றே என்று நம்பலாம்.

எஸ்எச்ஏ-1 முறையின் வலிமை காலப்போக்கில் குறைந்தது. ஒரே ஹேஷ் மதிப்பு கொண்ட இரு வேறு பிடிஎஃப் கோப்புகள் 2017 பிப்ரவரியில் வெளியிடப்பட்டன. அப்போது உடனடியாகப் பாதிக்கப்பட்டது ஒரு கிட் களஞ்சியம் அன்று. அக்கோப்புகளைச் சோதனைக்காகச் சேர்த்த வெப்கிட் திட்டத்தின் சப்வெர்ஷன் களஞ்சியமே பழுதானது. ஒரே உள்ளடக்கத்தை இருமுறை சேமிக்காமல் இருக்க சப்வெர்ஷனும் அதே ஹேஷ் முறையைப் பயன்படுத்தியதே இதற்குக் காரணம். அதே ஆண்டில் கிட் இத்தகைய மோதல்களைக் கண்டறியும் நிரலைச் சேர்த்துக்கொண்டது. எஸ்எச்ஏ-256 முறைக்கான சோதனைநிலை ஆதரவு 2020இல் வந்தது.

பிட்கீப்பரும் கிட்டின் தோற்றமும்

லினக்ஸ் கருனி 1991 முதல் 2002 வரை எந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையும் இன்றியே வளர்ந்தது. நிரலாளர்கள் பேட்ச் எனப்படும் திருத்தக் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்ப, லினசு டோர்வால்ட்சு அவற்றைத் தம் நிரலில் சேர்த்துக்கொண்டார். திட்டம் பெரிதானபோது திருத்தங்கள் கவனிக்கப்படாமல் போயின. சிவிஎஸ்சை அவர் ஏற்கவில்லை. 2002இல் லாரி மெக்வாயின் பிட்மூவர் நிறுவனம் உருவாக்கிய பிட்கீப்பரைப் பயன்படுத்தத் தொடங்கினார். இது பரவலாக்கப்பட்ட முறைமை. ஆனால் தனியுரிமை மென்பொருள். கட்டற்ற மென்பொருள் உருவாக்குவோருக்கு அது இலவசமாகத் தரப்பட்டது. அவ்வாறு பெறுபவர்கள் பிட்கீப்பருக்குப் போட்டியான மென்பொருளை உருவாக்கக்கூடாது என்பது நிபந்தனைகளுள் ஒன்று.

இது நிரலாளர் பலருக்கு உறுத்தலாகவே இருந்தது. உலகெங்கும் உள்ளோர் சேர்ந்து எழுதிய கட்டற்ற மென்பொருளின் வரலாறு, ஒரு நிறுவனத்தின் உரிம நிபந்தனைக்குள் அடங்கியிருந்தது. சாம்பா திட்டத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ டிரிட்செல், பிட்கீப்பர் வழங்கி எவ்வாறு உரையாடுகிறது என்பதை ஆராய்ந்து, தரவுகளை வெளியே எடுக்க உதவும் கட்டற்ற கருவி ஒன்றை எழுத முற்பட்டார். தாம் செய்தது எவ்வளவு எளியது என்பதை 2005 ஏப்ரலில் நடந்த மாநாடு ஒன்றில் அவர் காட்டினார். டெல்நெட் மூலம் வழங்கியோடு இணைந்து "உதவி" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சிட்டால் வழங்கியே தன் கட்டளைகளைப் பட்டியலிட்டது. பிட்மூவர் நிறுவனமோ இதை உரிம மீறலாகக் கருதி இலவசப் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது.

டோர்வால்ட்சு 2005 ஏப்ரல் 3 அன்று கிட்டை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்று கிட்டின் மூல நிரலே கிட்டில் வைக்கப்பட்டது. அவ்வாண்டு சூன் மாதம் வெளியான லினக்ஸ் 2.6.12, கிட்டைக் கொண்டு நிர்வகிக்கப்பட்ட முதல் கருனிப் பதிப்பாகும். சூலையில் பராமரிப்புப் பொறுப்பைச் சூனியோ அமானோவிடம் அவர் ஒப்படைத்தார். அதே நெருக்கடியின் விளைவாக ஒலிவியா மக்கால் தொடங்கிய மெர்க்குரியலும் 2005 ஏப்ரலிலேயே அறிவிக்கப்பட்டது. பிட்கீப்பர் 2016இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதற்குள் அதன் இடம் போய்விட்டிருந்தது.

பரவலாக்கப்பட்டதாக இருந்ததால் பிட்கீப்பர் அக்குழுவைக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் நகல் இருந்தது. அந்நகலைத் திறக்கும் மென்பொருளின் உரிமம் வேறொருவரிடம் இருந்தது.

பதியும் உரிமை

மையப்படுத்தப்பட்ட முறைமையில் வழங்கிக்குள் எழுதும் அனுமதி பெற்றவர், பெறாதவர் என்ற பிரிவு தவிர்க்க இயலாதது. அனுமதி பெறாத ஒருவர் திருத்தம் செய்ய விரும்பினால் நிரலைப் படித்து, மாற்றி, திருத்தக் கோப்பு ஒன்றை அனுப்பலாம். அது ஏற்கப்படும்வரை அவரது வேலைக்குப் பதிப்புக் கட்டுப்பாடு கிடையாது. மூன்று மாதத்தில் முதன்மை நிரல் மாறிவிட்டால் அவர் தம் திருத்தத்தைக் கையால் மீண்டும் பொருத்த வேண்டும்.

பைத்தான் மொழியை உருவாக்கும் குழு இதை வெளிப்படையாகவே எழுதிவைத்துள்ளது. அக்குழு 2005இல் சிவிஎஸ்சிலிருந்து சப்வெர்ஷனுக்கு மாறியிருந்தது. பரவலாக்கப்பட்ட முறைமை ஒன்றுக்கு மாறலாமா என்பதை ஆராய, 374ஆம் எண்ணுள்ள மேம்பாட்டு முன்மொழிவை பிரெட் கேனன் முதலானோர் எழுதினர. பதியும் அனுமதி இல்லாத பங்களிப்பாளர்களும் மைய உறுப்பினர்களைப் போலவே கருவிகளின் முழுப் பயனைப் பெற வேண்டும் என்பது அதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று. பசார், கிட், மெர்க்குரியல் ஆகிய மூன்றிலும் ஒரே வகை வேலைகளை எவ்வாறு செய்வது என்று அந்த ஆவணம் படிப்படியாக ஒப்பிட்டுக் காட்டுகிறது. குழுவொன்று இவ்வகைத் தேர்வை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதற்கு இன்றும் படிக்கத்தக்க எடுத்துக்காட்டு அது.

முடிவில் 2009 மார்ச்சில் மெர்க்குரியல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்போது விண்டோசில் கிட்டுக்கான ஆதரவு வலுவாக இல்லை. குழுவினரிடையேயும் அதற்கு விருப்பம் குறைவு. பசார் வேகம் குறைந்ததாக இருந்தது. முடிவெடுத்தபின் உண்மையில் மாறுவதற்கு 2011 மார்ச் வரை ஆயிற்று. ஆனால் ஆறே ஆண்டுகளில், 2017 பிப்ரவரியில், பைத்தான் மெர்க்குரியலை விட்டு கிட்டுக்கும் கிட்ஹப் தளத்துக்கும் மாறியது. மெர்க்குரியலில் பெரிய குறை கண்டு அவர்கள் மாறவில்லை. புதிய பங்களிப்பாளர்கள் ஏற்கெனவே கிட்டை அறிந்திருந்தனர், திருத்தங்களைப் பார்வையிடும் வசதி கிட்ஹப்பில் ஆயத்தமாக இருந்தது. 2007இல் சிவிஎஸ்சிலிருந்து மெர்க்குரியலுக்குச் சென்ற மோசில்லாவும் 2025இல் பயர்பாக்சு நிரலைக் கிட்டுக்கு மாற்றியது. சுற்றியுள்ளோர் எதை அறிந்துள்ளனர் என்பதும் தொழில்நுட்பத் தகுதிகளுள் ஒன்று என்றே கொள்ள வேண்டும்.

ஒன்றிணைப்பு பற்றி

கிட் வந்ததால்தான் ஒன்றிணைப்பு இயன்றது என்று சில நூல்களில் எழுதப்படுகிறது. இது முழுதும் சரியன்று. சப்வெர்ஷனின் தொடக்கப் பதிப்புகள் எந்தப் பதிவுகள் ஏற்கெனவே ஒன்றிணைக்கப்பட்டன என்பதை நினைவில் வைக்கவில்லை. நிரலாளரே எண்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் ஒரே மாற்றம் இருமுறை சேர்க்கப்பட்டு முரண்பாடுகள் தோன்றும். 2008இல் வெளியான 1.5 பதிப்பில் இந்நினைவு சேர்க்கப்பட்டது. பரவலாக்கப்பட்ட முறைமைகளுக்கோ இது தொடக்கத்திலிருந்தே உயிர்நாடி. ஒவ்வொரு நகலும் ஒரு கிளையைப் போன்றது ஆகையால், ஒன்றிணைப்பு சரியாக நடைபெறாத பரவலாக்கப்பட்ட முறைமையால் பயனேதும் இல்லை.

மையப்படுத்தப்பட்ட முறைமை பொருந்தும் இடங்கள்

ஒன்றிணைக்க இயலாத கோப்புகள் உள்ளன. படங்கள், ஒலிக்கோப்புகள், முப்பரிமாண மாதிரிகள் முதலிய இருமக் கோப்புகளை இருவர் தனித்தனியே மாற்றினால் ஒருவரது உழைப்பைத் தூக்கியெறிய வேண்டியதுதான். இங்கே 1970களின் பூட்டுமுறையே சிறந்தது. ஆனால் பூட்டு என்பது மையம் இருந்தால் மட்டுமே பொருள்படும். விளையாட்டு மென்பொருள் நிறுவனங்கள் பல பெர்ஃபோர்சைக் கைவிடாமல் இருப்பதற்கு இது முதன்மைக் காரணம். மேலும், 200 மெகாபைட் கோப்பு ஒன்றை நாற்பது முறை மாற்றினால் பரவலாக்கப்பட்ட முறைமையில் அந்த நாற்பது வடிவங்களும் ஒவ்வொருவர் வட்டிலும் சேரும். கிட்டிற்காக 2015இல் அறிமுகமான பெருங்கோப்பு நீட்சி, இத்தகைய கோப்புகளை வழங்கியில் வைத்துவிட்டு உள்ளே ஒரு குறிப்பை மட்டும் வைக்கிறது. பின்னர் அதற்குப் பூட்டுவசதியும் வந்தது. அதாவது, இக்கோப்புகளைப் பொறுத்தவரை கிட்டும் மையப்படுத்தப்பட்டதாகிவிடுகிறது.

மிகப்பெரிய களஞ்சியங்களிலும் இதே நிலை. கூகிள் தன் நிரலின் பெரும்பகுதியை ஒரே மையக் களஞ்சியத்தில் வைத்துள்ளது. அந்நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 2015 சனவரியில் அதன் அளவு 86 டெராபைட். இதை மடிக்கணினியில் நகலெடுத்துக்கொள்ளும்படி எவரிடமும் கூற இயலாது. மைக்ரோசாஃப்ட் 2017இல் விண்டோசின் மூல நிரலைக் கிட்டுக்கு மாற்றியபோது அதில் ஏறத்தாழ 35 இலட்சம் கோப்புகளும் 300 கிகாபைட் அளவும் இருந்தன. முழு நகல் எடுக்காமல், திறக்கும் கோப்பை மட்டும் வழங்கியிலிருந்து கொண்டுவரும் தனிக் கோப்புமுறைமையை அந்நிறுவனமே எழுதவேண்டியதாயிற்று.

அணுகல் கட்டுப்பாடும் கருதத்தக்கது. சப்வெர்ஷனில் ஓர் அடைவைச் சிலர் மட்டும் படிக்குமாறு அமைக்கலாம். கிட்டில் களஞ்சியத்தைப் படிக்க இயல்பவர் அதன் வரலாறு முழுவதையும் படிக்க இயலும். இதன் மற்றொரு விளைவைப் புதியவர்கள் பெரும்பாலும் தாமதமாகவே அறிகின்றனர். கடவுச்சொல் ஒன்றைத் தவறுதலாகப் பதிந்து அனுப்பிவிட்டால், அடுத்த பதிவில் அதை நீக்குவதால் பயனில்லை. பழைய பதிவில் அது இருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதினாலும் பிறர் ஏற்கெனவே எடுத்த நகல்களில் இருக்கும். செய்யத்தக்கது அக்கடவுச்சொல்லையே உடனே மாற்றுவதாகும்.

நகல்களும் காப்புநகலும்

ஒவ்வொருவரிடமும் முழு நகல் இருப்பதால் பரவலாக்கப்பட்ட முறைமையில் காப்புநகல் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கேடிஈ திட்டத்தில் 2013 மார்ச்சில் நடந்தது இதற்கு மாறானது. அத்திட்டத்தின் ஏறத்தாழ 1,500 கிட் களஞ்சியங்கள் ஒரு முதன்மை வழங்கியில் இருந்தன. உலகின் பல இடங்களில் இருந்த கண்ணாடி வழங்கிகள் அதைத் தாமாகவே நகலெடுத்துவந்தன. பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்காக நிறுத்தித் தொடங்கியபோது முதன்மை வழங்கியின் கோப்புமுறைமை பழுதாகியிருந்தது தெரியவந்தது. கண்ணாடி வழங்கிகள் தம் கடமையைச் சரியாகவே செய்தன. பழுதையும் அப்படியே நகலெடுத்தன. களஞ்சியங்களின் பட்டியலே சிதைந்திருந்ததால், பட்டியலில் காணப்படாதவற்றை அழித்தும்விட்டன.

சிறிது காலத்திற்கு முன் நிறுவப்பட்டிருந்த புதிய வழங்கி ஒன்றில் மட்டும் களஞ்சியங்கள் பழுதின்றி இருந்ததால் அவை மீட்கப்பட்டன. அவ்வழங்கி இல்லாவிட்டாலும் நிரலாளர்களின் கணினிகளிலிருந்து பலவற்றைத் திரட்டியிருக்கலாம். ஆனால் 1,500 களஞ்சியங்களில் எதன் புதிய நகல் யாரிடம் உள்ளது, அதில் எல்லாக் கிளைகளும் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டியிருந்திருக்கும். உடனுக்குடன் ஒத்திசையும் நகல், காப்புநகல் ஆகாது. நேற்றைய நிலையை நேற்றைய நிலையாகவே வைத்திருப்பதுதான் காப்புநகல்.

குழுவுக்கு ஏற்ற தேர்வு

நடைமுறையில் கிட்டைப் பயன்படுத்தும் குழுக்கள் பலவும் ஒரு மையத்தை வைத்துக்கொண்டே பணிபுரிகின்றன. 2008இல் தொடங்கி 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் வாங்கப்பட்ட கிட்ஹப் அத்தகைய மையமாகப் பலருக்கும் உள்ளது. அத்தளம் சில மணிநேரம் செயலிழந்தாலும் பதியும் வேலை நிற்காது என்பது உண்மையே. ஆனால் பிழை அறிக்கைகள், விவாதங்கள், திருத்தங்கள் மீதான கருத்துகள் ஆகியவை கிட் களஞ்சியத்துக்குள் இருப்பதில்லை. நிரலுக்குப் பல நகல்கள் இருக்க, அந்நிரல் ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்ற விளக்கம் ஒரே இடத்தில் தங்கிவிடுகிறது. எஸ்கியூலைட் தரவுத்தளத்தை உருவாக்கிய ரிச்சர்டு இப் எழுதிய ஃபாசில் முறைமை, பிழை அறிக்கைகளையும் விக்கியையும் களஞ்சியத்துக்குள்ளேயே வைக்கிறது. ஒவ்வொரு பதிவையும் உடனே மையத்துக்கு அனுப்புவது அதன் இயல்பான அமைப்பு. 2009 முதல் எஸ்கியூலைட் அதில் உள்ளது. பரவலாக்கப்பட்ட முறைமையின் பாதுகாப்பையும் மைய முறைமையின் ஒழுங்கையும் சேர்த்துப் பெறும் இம்முயற்சி, சிறு குழுக்களிடம் இன்னும் அதிகம் அறியப்பட வேண்டியது.

வெளியாரின் பங்களிப்பை எதிர்பார்க்கும் திட்டத்துக்குப் பரவலாக்கப்பட்ட முறைமையே தக்கது. அனுமதி கேட்காமலே தொடங்கலாம் என்பது புதியவர்களுக்குத் தரும் ஊக்கம் பெரிது. இணைப்பு நிலையாக இல்லாத இடங்களில் பணிபுரிவோருக்கும் அதுவே உதவும். பெரும்பாலும் படங்களையும் வடிவமைப்புக் கோப்புகளையும் கையாளும் ஒரே அலுவலகக் குழு, நிரல் அறியாத வடிவமைப்பாளர்களையும் உள்ளடக்கியதாயின், சப்வெர்ஷனோ பெர்ஃபோர்சோ அவர்களுக்குக் குறைந்த தொல்லை தரும். கிட்டின் கட்டளைகள் தொடக்கத்தில் குழப்பமானவை என்பதை அதன் ஆதரவாளர்களும் மறுப்பதில்லை. ஐந்து பேர் கொண்ட மாணவர் குழுவுக்குக் கிட் போதும். அனுப்புமுன் பிறரது மாற்றங்களைப் பெற்று ஒன்றிணைத்துச் சோதிக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நலம்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல்

பழைய வரலாற்றைப் புதிய முறைமைக்கு மாற்றித்தரும் கருவிகள் உள்ளன. பெர்ல் மொழி 2008 டிசம்பரில் பெர்ஃபோர்சிலிருந்து கிட்டுக்கு மாறியது. ஃபிரீபிஎஸ்டி 2008இல் சிவிஎஸ்சிலிருந்து சப்வெர்ஷனுக்கும் 2020 டிசம்பரில் அங்கிருந்து கிட்டுக்கும் தன் மூல நிரலை மாற்றியது. இத்தகைய மாற்றங்களில் நிரலை மாற்றுவதைவிட அதைச் சுற்றியுள்ளவற்றை மாற்றுவதே நெடுங்காலம் எடுக்கிறது. சப்வெர்ஷனில் ஆசிரியரின் பயனர்பெயர் மட்டுமே இருக்கும். கிட்டிற்குப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். எனவே திட்டத்தை விட்டுச் சென்றவர்களுக்கும் சேர்த்து ஒரு பட்டியலை யாரேனும் தயாரிக்க வேண்டும்.

வரிசை எண்களும் மறைந்துவிடும். "4,211ஆம் பதிவில் சரிசெய்யப்பட்டது" என்று பழைய பிழை அறிக்கைகளில் உள்ள குறிப்புகள் புதிய களஞ்சியத்தில் பொருளற்றவை ஆகும். கிட்டின் சப்வெர்ஷன் கருவி இதற்காக ஒவ்வொரு பதிவுக் குறிப்பின் இறுதியிலும் பழைய எண்ணை ஒரு வரியாகச் சேர்க்கிறது. பார்ப்பதற்கு அழகற்றதாக உள்ளது என்று அவ்வரியை நீக்கிவிடும் வசதியும் அக்கருவியில் உண்டு. நீக்காமல் இருப்பதே நன்று. பழைய வழங்கியையும் படிக்க மட்டும் இயலும் நிலையில் சில ஆண்டுகள் வைத்திருப்பது வழக்கம்.